மறை கவர்ந்த அசுரன் யார்? சோமகன், சோமுகன், ஹயக்கிரீவன்: பெயர் வழக்கும் மொழிபெயர்ப்பும்

திருப்பதிக்குத் தென்கிழக்கே, புத்தூரை அடுத்து அமைந்துள்ள நாராயணவனம், ஆகாசராசனின் தலைநகர் எனவும் திருவேங்கடமுடையான் பத்மாவதியை மணந்துகொண்ட ஊர் எனவும் தமிழ், தெலுங்கு ஆகிய இரு மொழி வழக்கிலும் போற்றப்படுவது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர் 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. இங்குள்ள கல்யாண வேங்கடேசுவரரை வழிபட்டுப் பிச்சாட்டூர் வழியாகக் கிழக்கே செல்லும் அடியவர் நாகலாபுரத்து வேதநாராயணரையும் வணங்கிச் செல்வது வழக்கம். இரு கோயில்களும் திருமலை திருப்பதி தேவத்தானத்தின் ஆட்சியில் உள்ளவை. கிருட்டிணதேவராயர் (ஆட்சிக்காலம் 1509–1529) தம் தாய் நாகலாதேவியின் பெயரால் அமைத்த ஊர் நாகலாபுரம். அங்குள்ள மூலவர் இடைக்கு மேல் திருமாலாகவும் இடைக்குக் கீழ் மீனாகவும் காட்சி தருபவர். அவர் கையில் உள்ள ஆழி, ஏவுதற்கு ஆயத்தமான நிலையில் சாய்ந்து அமைந்திருப்பது. அவ்வாழி யார்மீது ஏவப்பட இருக்கிறது என்னும் வினாவே இக்கட்டுரைக்குப் பொருளாகிறது.

கோயில் மரபு அதற்குத் தெளிவாக விடை கூறுகிறது. நான்முகனிடமிருந்து வேதங்களைக் கவர்ந்து கடலுள் ஒளித்த அசுரன் சோமகன். திருமால் மீனாகிக் கடலுட் புகுந்து, நெடுங்காலம் பொருது, அவனைக் கொன்று மறைகளை மீட்டார். பங்குனி மாதத்தில் மூன்று நாள் மாலைக் கதிர் கருவறைக்குள் புகுந்து, முதல்நாள் திருவடியிலும் அடுத்தநாள் திருமேனியின் நடுப்பகுதியிலும் மூன்றாம் நாள் திருமுகத்திலும் படிகிறது. கடல்நீரின் குளிரில் நெடிது நின்ற இறைவனுக்கு ஞாயிறு வெம்மை ஊட்டுவதாக மரபினர் இதற்குப் பொருள் உரைப்பர்.

விடை தெளிவாக இருப்பினும், மீன் தோற்றக் கதையைப் பாகவதத்தின் வழியே அறிந்தவர்க்கு இப்பெயர் வியப்பளிக்கும். பாகவதத்தின் எட்டாம் கந்தம் இறுதி இயலில் மறை கவர்ந்தவன் ஹயக்கிரீவன் என்னும் தானவன். அப்படியாயின் சோமகன் யார்? ஹயக்கிரீவனுக்கு மறுபெயரா? வேறு ஓர் அசுரனா? ஆராய்ச்சியாளர்க்கு இது சிறு ஐயம். ஒரு கதையில் ஓரிரு வரிகளில் தோன்றி மடியும் சிறு பகைவன் ஒருவனைப் பற்றியது. ஆயின் மொழிபெயர்ப்பாளர்க்கு இது நாள்தோறும் எதிர்ப்படும் சிக்கல். தெலுங்குத் தலவரலாறு ஒன்றைத் தமிழாக்குபவர் 'சோமகாசுரன்' என்பதை அவ்வாறே எழுதுவதா, தமிழ்நாட்டில் பெருகி வழங்கும் 'சோமுகாசுரன்' என மாற்றுவதா, பாகவதத்தை ஒட்டி 'ஹயக்கிரீவன்' எனத் திருத்துவதா என்று முடிவு செய்தாக வேண்டும். மூன்றும் ஒன்றே எனக் கருதி எதை எழுதினாலும் தவறில்லை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அவ்வெண்ணம் எத்துணை பொருந்தும் என்பதை ஆராய்தல் வேண்டும்.

பகைவன் இல்லாத பழங்கதை

முதற்கண் நோக்கத்தக்கது, மீன் தோற்றக் கதையின் மிகப் பழைய வடிவங்களில் திருடனே இல்லை என்பதாகும். சதபத பிராமணத்தில், கை கழுவ வைத்த நீரில் மனுவின் கைக்கு அகப்பட்ட சிறு மீன் பெருகி வளர்ந்து, வெள்ளம் வரும்போது அவனது கலத்தை இழுத்துச் சென்று வடமலையில் சேர்க்கிறது. மறை களவு போகவுமில்லை, மீட்கப்படவுமில்லை. மகாபாரதத்து வனபருவத்தில் மார்க்கண்டேயர் கூறும் கதையிலும் இதே நிலைதான். அங்கு மீன் தன்னைப் பிரமன் என்றே அறிவித்துக்கொள்கிறது. மச்ச புராணத்தில் மீன் திருமாலாகிறது. நிகழ்ச்சி மலயமலைக்கு இடம் பெயர்கிறது. எனினும் வெள்ளக் கதைக்குள் அசுரன் நுழையவில்லை. பாகவதத்தில்தான் வெள்ளமும் களவும் ஒன்றாகப் பிணைகின்றன. அங்கு மீனைக் கண்டெடுப்பவன் திராவிட நாட்டு மன்னன் சத்தியவிரதன், ஆறு கிருதமாலை. அதனை வையையாகக் கொள்வது வழக்கம். மதுரைப் பகுதிக்குக் கதை வந்துசேரும்போது திருடனும் உடன் வருகிறான் என்பது கருதற்குரியது.

பாகவதத்தில் இப்பிணைப்பு இறுகியதாகத் தோன்றவில்லை. இயலின் தொடக்கத்தில் உறக்க மயக்கத்தில் இருந்த நான்முகனின் வாயினின்று நழுவிய மறைகளை ஹயக்கிரீவன் கவர்ந்தான் எனச் சுருக்கமாகக் கூறப்படுகிறது. பின்னர் நெடிய பகுதி முழுவதும் சத்தியவிரதனையும் மீனையும் கலத்தையும் பற்றியது. இயலின் முடிவில்தான், ஊழி நீங்கியபின், ஹயக்கிரீவனைக் கொன்று மறைகளை நான்முகனிடம் அளித்தார் என்னும் செய்தி வருகிறது. முன்னும் பின்னும் உள்ள இச்சிறு பகுதிகளை நீக்கினாலும் நடுவிலுள்ள கதை குறைவுபடாது. அக்கினி புராணம் இதனினும் சுருங்கச் சொல்லி அதே பெயரைத் தருகிறது. திருடனுக்குத் தோற்றமும் பேச்சும் குலமும் இல்லை. அவனுக்கு இருப்பது ஒரு செயலும் ஒரு பெயரும் மட்டுமே.

இடம் மாறிய பெயர்

அப்பெயர் எங்கிருந்து வந்தது? 'ஹயக்கிரீவ' என்பது குதிரைக் கழுத்துடையவன் எனப் பொருள்படும். மகாபாரதம் சாந்திபருவத்து நாராயணீயப் பகுதியில் வேறொரு களவுக் கதை உண்டு. மது, கைடபன் என்னும் இருவர் நான்முகனிடமிருந்து வேதங்களைப் பறித்துக்கொண்டு கீழுலகு புகுகின்றனர். திருமால் குதிரைத் தலையுடைய வடிவெடுத்துச் சென்று அவற்றை மீட்கிறார். இங்குக் குதிரை முகம் மீட்பவனுக்கு உரியது, திருடனுக்கு உரியதன்று.

இரு கதைகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு கருதுகோள் தோன்றும். மறை மீட்கும் தொழில் குதிரைமுகக் கடவுளிடமிருந்து மீனுக்கு மாறியபோது, அக்கதையோடு ஒட்டி வந்த குதிரைப் பெயர் ஏந்துவார் இன்றி நின்றது. மீட்பவன் இடம் நிரம்பிவிட்டமையால் அது திருடன் மேல் சென்று படிந்தது. அதாவது, இச்சிறு பகைவனின் மறைந்த முகத்தைத் தேடிச் செல்பவர் இறுதியில் காண்பது, ஒருகாலத்தில் அவனைக் கொல்ல வந்த கடவுளின் முகத்தையே. இதனை மெய்ப்பிக்கப்பட்ட முடிவாகக் கொள்ளலாகாது. எனினும் நூல்களில் உள்ள சான்றுகளுக்கு வேறெந்த விளக்கத்தினும் இது பொருந்திவருகிறது. தேவி பாகவதம் இம்முரணை உணர்ந்தே ஒரு தீர்வு கண்டது போலும். அங்கு ஹயக்கிரீவன் என்னும் அசுரன், ஹயக்கிரீவன் ஒருவனாலேயே தனக்குச் சாவு வரவேண்டும் என வரம் பெறுகிறான். திருமாலின் தலை துண்டுபட்டுக் குதிரைத் தலை பொருத்தப்பட, அவரே ஹயக்கிரீவராகி அவனைக் கொல்கிறார். ஒரு பெயருக்கு இருவர் உரிமை கொண்டாடிய வழக்கை, இருவரையும் ஒரே களத்தில் நிறுத்தித் தீர்த்துவைத்த திறம் இது.

தமிழ்ச் சான்றும் இக்கருதுகோளுக்கு அரண் செய்கிறது. திருமங்கையாழ்வார் திருவெள்ளறைப் பதிகத்தில், நான்முகன் மறைகளை இழந்ததையும் திருமால் பரிமுகமாய் வந்து அவற்றை அருளியதையும் பாடுகிறார். அங்கு இழப்பு உண்டு, இழந்தவன் உண்டு, மீட்டவன் உண்டு, கவர்ந்தவன் பெயர் இல்லை. பிறிதோரிடத்தில் அன்னமாகி மறை பயந்ததாகவும் பாடுகிறார். மீன், பரி, அன்னம் என மீட்கும் வடிவம் மாறிமாறி வந்த காலத்தில், திருடனுக்கென ஒரு பெயர் வேண்டியிருக்கவில்லை எனக் கொள்ளலாம். செயதேவரின் கீதகோவிந்தத்தில் முதல் தோற்றமாக வரும் மீனும் ஊழிக்கடலில் வேதத்தைத் தாங்குவதே அன்றி எவனையும் பெயர் சுட்டிக் கொல்வதில்லை.

பெயரற்ற திருடனுக்குப் பின்னாளில் பெயர் சூட்டுவது பாரதத்திற்கே உரிய வழக்கமன்று. இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட கள்வர் இருவர்க்கும் நான்கு நற்செய்தி நூல்களிலும் பெயர் இல்லை. நிக்கொதேமு நற்செய்தி எனப்படும் பிற்காலத் தனிநூல் அவர்களைத் திஸ்மாசு, கெஸ்டாசு என்றழைத்தது. அரபு மொழியில் கிடைக்கும் குழந்தைப் பருவ நற்செய்தியோ தீத்து, துமாக்கு என வேறு இரு பெயர்களைத் தந்தது. திஸ்மாசும் தீத்துவும் ஒருவரே என வாதிடுவதிற் பயனில்லை. வெற்றிடம் ஒன்று, அதனை நிரப்பிய மரபுகள் இரண்டு. இக்காலப் புனைவுலகிலும் இத்தகைய வெற்றிடங்கள் படிப்பவர் ஆர்வத்தைத் தூண்டுகின்றன. தோல்கீன் 1954–55இல் வெளியிட்ட 'மோதிரங்களின் தலைவன்' நூலில் பகைவேந்தன் சார்பாகத் தூது பேச வரும் ஒருவன் தன் பெயரைத் தானே மறந்துவிட்டவன் என ஆசிரியர் கூறிவிடுகிறார். அவன் யாராயிருக்கக்கூடும் என ஆர்வலர் இன்றும் ஊகிக்கின்றனர். அங்கு மூலநூல் ஒன்று, ஆசிரியர் ஒருவர், ஊகம் நூலுக்கு வெளியே நிற்கும். புராண மரபில் ஊகமே அடுத்த நூலாகிவிடுகிறது.

கடல் தந்த பெயர்கள்

திருடனுக்கு வழங்கும் பெயர்களுள் ஒரு வகை, அவன் ஒளிந்த இடத்தினின்று பிறந்தது. கார்த்திகைத் திங்களின் பெருமை கூறும் பகுதிகளில் அவன் கடலின் மகனாகிய சங்கன். வட இந்தியச் சிற்றோவியங்களில் மீனாகிய திருமால் சங்கினுள்ளிருந்து வெளிப்படும் அசுரனைக் கொல்வதைக் காணலாம். பத்ம புராணத்தின் ஒரு பகுதி அவனை மகரன் என்கிறது. சங்கும் மகரமும் கடலுக்குரியவை. பெயரே கதையைச் சொல்லிவிடுகிறது. பாகவதத்தின் பத்தாம் கந்தத்தில், சாந்தீபனி முனிவர் மகனைத் தேடிக் கடலுட் சென்ற கண்ணன் கொன்ற பஞ்சசனனும் சங்கு வடிவில் வாழ்ந்தவனே. அவன் உடலிலிருந்து கிடைத்ததே பாஞ்சசன்னியம். கடலுட் புகுந்து சங்க அசுரனைக் கொல்லும் கதைக்கூறு ஒரு தோற்றத்தினின்று மற்றொன்றிற்குப் பெயர்ந்துள்ளது எனலாம்.

சோமகனை இச்சங்கனோடு இணைத்துக் காண்போரும் உளர். இருவரும் கடலில் ஒளிந்தவர். இருவர் கதையிலும் மனுவின் கலம் முதன்மை பெறுவதில்லை. போரே முதன்மை பெறுகிறது. இவ்வகையில் நாகலாபுரத்துச் சோமகன் ஹயக்கிரீவனைவிடச் சங்கனுக்கே நெருங்கியவன். எனினும் 'சோமக' என்னும் சொல்லில் கடலைச் சுட்டும் கூறு ஏதும் இல்லை. ஆதலின் கதை ஒத்தாலும் பெயர் ஒவ்வாது.

சோமகன் என்னும் சொல்

சோமகன் என்பது வடமொழி இதிகாசத்தில் ஓர் அரசன் பெயர். பாஞ்சால மரபினன், நூறு மனைவியர் இருந்தும் சந்து என்னும் ஒரே மகனைப் பெற்று, மேலும் மக்களை விரும்பி அவனை வேள்வியில் இட்ட கதை வனபருவத்தில் உண்டு. பாரதப் போர்ப் பருவங்களில் பாஞ்சாலர் 'சோமகர்' எனப் பன்மையில் பலமுறை சுட்டப்படுகின்றனர். இருக்கு வேதத்திலும் சகதேவன் மகன் சோமகன் என ஓர் அரசன் புகழப்படுகிறான். இவர்களுள் எவர்க்கும் மறைக் களவோடு தொடர்பில்லை. தெலுங்குப் பனுவல் ஒன்றில் 'சோமகுடு' என வரக்கண்டு, வடமொழி அகராதியை மட்டும் நம்பி அடிக்குறிப்பு எழுதும் மொழிபெயர்ப்பாளர், வேள்வி செய்த மன்னனைத் திருடனாக்கும் இடர் இங்கு உள்ளது. இது ஊகமான அச்சமன்று. ஒரே பெயருடைய பலர் உள்ள இலக்கியம் எதிலும் நேரக்கூடியது.

தெலுங்கில் இப்பெயரின் ஆட்சி உறுதியானது. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பத்ராசல இராமதாசர் 'தக்குவேமி மனகு' எனத் தொடங்கும் கீர்த்தனத்தில், மீன் வடிவினர் கொன்றவனைச் சோமகன் என்றே பெயர் சுட்டித் திருடன் என்னும் அடைமொழியோடு பாடுகிறார். அதற்கு இரு நூற்றாண்டுகள் முன்னர்ப் பாகவதத்தைத் தெலுங்கில் இயற்றிய போதனரோ, மூலத்தைத் தழுவி எட்டாம் கந்தத்தில் ஹயக்கிரீவன் என்றே எழுதுகிறார். ஒரே மொழியில், ஏட்டு மரபு ஒரு பெயரையும் பாட்டு மரபு ஒரு பெயரையும் பேணிவந்துள்ளன. இருவேறு பெயர்களும் ஒருவனுக்கே உரியவை எனப் பாடியவரோ கேட்டவரோ கருதியிருக்கலாம், கருதாமலும் இருந்திருக்கலாம். பாட்டில் அவ்வினா எழுவதில்லை.

தமிழ்நாட்டில் வழங்குவது சோமுகன், சோமுகாசுரன் என்னும் வடிவம். காஞ்சிபுரத்து மச்சேசத் தல மரபில், மீனாகிச் சோமுகாசுரனைக் கொன்ற திருமால் அங்குச் சிவபெருமானை வழிபட்டதாகக் கூறப்படுகிறது. நாகலாபுரத்திற்கும் காஞ்சிக்கும் இடையே உள்ள தொலைவு பெரிதன்று. ஒரே கதை மொழியெல்லை கடக்கும்போது மகரத்தை அடுத்த உயிர் மட்டும் மாறியுள்ளது. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது?

சோமம் என்பதோடு முகம் என்பது சேரின் 'சோமமுகன்' என வரவேண்டும். ஒத்த இரு மகர அசைகளுள் ஒன்று கெட்டுச் 'சோமுகன்' ஆயிற்று எனலாம். ஆயின் 'மதிமுகன்' எனப் பொருள்தரும் அழகிய பெயரை அசுரனுக்கு யாரும் இட்டிருப்பர் எனத் தோன்றவில்லை. சோ என்பது பழந்தமிழில் அரணைக் குறிக்கும் சொல் என்பதைக் கொண்டு 'அரண்முகத்தான்' எனப் பொருள் காண முனைவார்க்கும் இடமுண்டு. அத்தகைய சொல்லாராய்ச்சியை விலக்குவதே நன்று. ஏற்புடைய விளக்கம் ஒப்புமையாக்கமே. தமிழ்ப் புராண வழக்கில் அசுரர் பெயர்கள் 'முகன்', 'முகி' என முடிதல் இயல்பு: சிங்கமுகன், கயமுகன், அசமுகி. கந்தபுராணமும் விநாயகர் கதையும் கேட்டுப் பழகிய செவிக்குச் 'சோமகன்' என்பது முற்றுப்பெறாத அசுரப் பெயராக ஒலித்திருக்கும். ஓர் உயிரை மாற்றியவுடன் அவன் தன் இனத்தாரோடு சேர்ந்துவிடுகிறான். 'சோமகாசுரன்', 'சோமுகாசுரன்' என நீண்ட வடிவிலேயே பெரிதும் வழங்குவதால், நடு அசையின் உயிர் அழுத்தமின்றி ஒலித்தலும் இம்மாற்றத்திற்குத் துணை செய்திருக்கும்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. பொருள் விளங்காத பெயருக்கு மக்கள் பொருள் தேடுவது இயற்கை. கற்றோர் அதே பணியை வடமொழி வழியே செய்வர். நாராயணவனத்தில் உள்ள அம்மன் 'அவனாட்சியம்மன்' என வழங்கப்பெறுகிறாள். ஆம்னாயம், அதாவது வேதம், அட்சி, அதாவது கண்ணுடையாள் என்னும் இரண்டும் சேர்ந்த 'ஆம்னாயாட்சி' என்பதே இவ்வாறு திரிந்தது என்பது அவ்வூரில் வழங்கும் விளக்கம். மகரம் வகரமாதல் தெலுங்கில் அரிதன்று. மாமரத்தைக் குறிக்கும் மாமிடி, மாவிடி என்னும் இரு வடிவங்களும் வழக்கில் உள்ளன. எனவே அவ்விளக்கம் ஒலியியலுக்கு முற்றிலும் மாறானதன்று. ஆயின், பொருள் மறைந்துபோன ஊர்த்தேவதைப் பெயர் ஒன்றுக்குப் பின்னாளில் மறைநெறிப் பெருமை சேர்க்கப்பட்டது எனவும் கொள்ள வழியுண்டு. எது முந்தியது எனப் பெயரை மட்டும் கொண்டு துணிய இயலாது. வேதம் கண்ணாக ஒருத்தி, வேதம் மீட்டவனாக ஒருவன் என ஒரே சாலையில் இரு கோயில்கள் அமைந்திருப்பது, இவ்வட்டாரத்தில் மறைக்கதை கொண்டிருந்த செல்வாக்கைக் காட்டுகிறது. அச்செல்வாக்குக்கு உட்பட்ட நிலத்தில் திருடன் பெயரும் வேரூன்றி நிற்பதில் வியப்பில்லை.

சோமகன் என்னும் பெயர் ஏன் இப்பகுதியில் மேலோங்கியது என்பதற்கு ஒரு காரணம் கூறலாம். தமிழ், தெலுங்கு, கன்னட நாட்டு வைணவத்தில் ஹயக்கிரீவர் கல்விக் கடவுள். வேதாந்த தேசிகர் (1268–1369) திருவயிந்திரபுரத்தில் அவரை வழிபட்டு ஹயக்கிரீவ தோத்திரம் இயற்றினார். நாள்தோறும் வணங்கும் கடவுளின் பெயரை, அதே கடவுள் வேறொரு வடிவில் கொல்லும் திருடனுக்கும் இட்டு வழங்குதல் அடியவர்க்குக் கூச்சம் தருவது. வேறொரு பெயர் கைவசம் இருக்குமாயின் அதனையே விரும்புவர். இக்காரணம் பெயரின் பரவலை விளக்கும், பிறப்பை விளக்காது.

மொழிபெயர்ப்பில் எழும் இடர்கள்

ஐரோப்பிய மொழிகளில் இக்கதை பரவியதற்கு வில்லியம் சோன்சு 1784இல் எழுதி 1788இல் 'ஆசிய ஆராய்ச்சிகள்' முதல் தொகுதியில் வெளியான கட்டுரை பெருங்காரணம். பாகவதத்து மீன் தோற்றப் பகுதியை அவர் மொழிபெயர்த்து, விவிலியத்து நோவா கதையோடு ஒப்பிட்டார். அவர் கையாண்ட மூலத்தில் இருந்த பெயர் ஹயக்கிரீவன். கையேடுகளும் கலைக்களஞ்சியங்களும் பாகவதத்தையே அளவுகோலாகக் கொண்டமையால், 'மீன் தோற்றத்தில் கொல்லப்பட்டவன் ஹயக்கிரீவன்' என்பது பொதுவிதி போல் ஆயிற்று. அவ்விதியை மனத்திற் கொண்டு நாகலாபுரத் தலவரலாற்றை மொழிபெயர்ப்பவர் சோமகன் என்பதை வட்டாரப் பிழையாகக் கருதித் திருத்த முற்படுவர். அவ்வாறு திருத்தினால் இழப்பது ஒரு பெயரை மட்டுமன்று. இராமதாசர் பாடலும் காஞ்சித் தல மரபும் நாகலாபுரத்துக் கருவறையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இழை அறுந்துவிடும். பின்வரும் ஆய்வாளர்க்கு அவ்விழை இருந்தது என்பதே தெரியாமற் போகும். 'சோமகன் என்னும் ஹயக்கிரீவன்' எனக் கூட்டி எழுதுவது இன்னும் மோசமானது. எந்த மூலத்திலும் இல்லாத மூன்றாம் ஒருவனை அது படைத்துவிடுகிறது.

எனவே பனுவலில் உள்ள பெயரையே மொழிபெயர்ப்பிலும் நிறுத்துதல் வேண்டும். ஒப்புமையைக் குறிப்பில் மட்டும் காட்டலாம். சோமகன், சோமுகன் ஆகிய இரண்டனுள் தெலுங்கு, கன்னட மூலங்களுக்கு முன்னதையும் தமிழ்த் தல மரபுகளுக்குப் பின்னதையும் கொள்வதே தக்கது. ஒரே நூலில் இரு மரபும் வருமாயின் முதல் ஆட்சியில் ஒரு குறிப்புப் போதுமானது.

ஹயக்கிரீவன் என்னும் பெயரைத் தமிழில் எழுதுவதில் தனிச் சிக்கல்கள் உண்டு. கிரந்த ஹகரத்தை விலக்கி 'அயக்கிரீவன்' என எழுதுவோர், 'அயம்' என்பது தமிழில் குதிரை, ஆடு, இரும்பு எனப் பல பொருள் தருவதை மறத்தலாகாது. இவற்றுள் முதலது ஹய என்பதனின்றும், இரண்டாவது அச என்பதனின்றும், மூன்றாவது அயசு என்பதனின்றும் வந்தவை. மூன்று வேறு சொற்கள் தமிழ் ஒலிமரபில் ஒரே வடிவம் பெற்றுள்ளன. களவு கொடுத்த நான்முகனும் தமிழில் அயன்; அப்பெயர் பிறவாதவன் என்னும் பொருளுடைய மற்றோர் அச என்பதன் திரிபு. ஆகவே 'அயன் உறங்க அயக்கிரீவன் கவர்ந்தான்' என்று எழுதினால், மூலத்தில் இல்லாத ஒலியொற்றுமை தோன்றி, இருவர்க்கும் உறவுண்டோ எனப் படிப்பவரை மயக்கும். இக்கதைச் சூழலிலேனும் ஹகரத்தைப் பேணுதல் நலம்.

'பரிமுகன்' எனத் தூய தமிழாக்கம் செய்வது இதனினும் இடர் மிக்கது. ஆழ்வார் காலம் முதல் அது மீட்ட கடவுளுக்கு உரிய பெயர். திருடனைப் பரிமுகன் என்றெழுதினால் வைணவ வாசகர், கடவுளே களவு செய்தார் எனப் பொருள் கொள்ள நேரும்.

கடவுளையும் திருடனையும் வேறுபடுத்த இக்காலத் தமிழ் உரைநடைக்கு ஓர் எளிய கருவி உண்டு. கடவுள் 'ஹயக்கிரீவர்', அசுரன் 'ஹயக்கிரீவன்'. உயர்வுப் பன்மை விகுதி ஒன்றே இரு வேறு ஆட்களைப் பிரித்துக் காட்டிவிடுகிறது. வினைமுற்றும் அதனை வழிமொழியும்: 'மீட்டார்', 'கவர்ந்தான்'. வடமொழியிலும் ஆங்கிலத்திலும் பெயர் அளவில் இவ்வேறுபாடு இல்லை. தெலுங்கில் 'சுவாமி' முதலிய அடை சேர்த்து வேறுபடுத்துவர். ஆதலின் தமிழிலிருந்து பிறமொழிக்குச் செல்லும்போதுதான் இடர் பெரிது; விகுதி சுமந்து வந்த பொருளைத் தனிச்சொல்லால் வெளிப்படக் கூறவேண்டும். செய்யுளை மொழிபெயர்ப்பார்க்கு இக்கருவியும் உதவாது. பழம்பாடல்களில் கடவுளும் னகர ஈறு பெற்று ஒருமையில் வருதல் பெருவழக்கு. அங்குப் பெயரின் ஈற்றை நம்பாது வினையை நோக்க வேண்டும்: மறையை எடுத்தவனா, கொடுத்தவனா என்று.